பலர் பாவிக்கும் கணினிகளில் பணிப்பட்டையையும் ஸ்டார்ட் மெனுவையும் பூட்டி வைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கணினி அறை, தனியார் பயிற்சி நிலையம், சனசமூக நிலையம், கொமினிகேஷன் கடை என்று ஒரே கணினியில் பலர் மாறி மாறி உட்காரும் இடங்களைப் பராமரிப்பவர்களுக்காக எழுதியது இது. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. லினக்ஸ் பாவிப்பவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

எதற்காகப் பூட்ட வேண்டும்? பிள்ளைகள் தோண்டித் துருவிப் பழகட்டுமே?

பழகட்டும், தங்கள் வீட்டுக் கணினியில். வகுப்பில் நிலைமை வேறு. "கீழே இடது மூலையில் சொடுக்குங்கள்" என்று ஆசிரியர் சொல்வார். ஒரு பிள்ளையின் பணிப்பட்டை (டாஸ்க்பார்) திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று தானாக மறையும்படி மாற்றப்பட்டிருக்கும். மூன்றாவது, முந்தின வகுப்பில் யாரோ இழுத்துவிட்டதால் திரையின் கால்வாசியை அடைத்துக்கொண்டு நிற்கும். 40 நிமிடப் பாடவேளையில் இவற்றைச் சரிசெய்யவே நல்ல பங்கு போய்விடும்.

பூட்டுவதன் நோக்கம் அவ்வளவுதான்: எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் சொன்ன பொருள் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒன்றை எதிர்பார்த்துத்தான் பலர் வேண்டாததையெல்லாம் பூட்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இல்லையா?

இல்லை. விண்டோஸில் இப்படிப் பூட்டும் ஒவ்வொரு விதியையும் கொள்கை (பாலிசி) என்பார்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து, நிரலின் பெயரைத் தட்டி இயக்கும் "ரன்" கட்டளையை ஒரு கொள்கையால் எடுத்துவிட்டால் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினாலும் அது வராது; டாஸ்க் மனேஜரில் புதிய வேலை தொடங்கும் கட்டளையும் போய்விடும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு குறிப்பிட்ட அந்த இடைமுகத்துக்கு மட்டுமே பொருந்தும், வேறு வழிகளில் நிரல்களை இயக்குவதைத் தடுக்காது என்று அந்தக் கொள்கையின் விளக்கத்திலேயே மைக்ரோசொஃப்ட் எழுதி வைத்திருக்கிறது. அந்த விளக்கப் பெட்டியை வாசிப்பவர்கள்தான் குறைவு.

நிரல்கள் ஓடுவதை உண்மையாகத் தடுக்க வேண்டுமானால் அதற்கு அப்லொக்கர் போன்ற வேறு வசதி இருக்கிறது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பயனர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கைக் கொடுங்கள். இந்தக் கொள்கைகள் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படுகின்றன; அந்தப் பகுதியைச் சாதாரணக் கணக்கு வாசிக்கலாம், மாற்ற முடியாது. நிர்வாகிக் கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதை நீக்குவது சில நொடி வேலை. எல்லாரும் ஒரே நிர்வாகிக் கணக்கில், அதுவும் கடவுச்சொல் இல்லாமல் நுழைகிற அறையில் பணிப்பட்டையைப் பூட்டுவது வீண் உழைப்பு.

இந்தக் கொள்கைகள் எங்கே இருக்கின்றன?

லோக்கல் குரூப் பாலிசி எடிட்டரில். தேடல் பெட்டியில் "ஜிபிஎடிட்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். இடப்பக்கத்தில் "யூசர் கன்ஃபிகரேஷன்", அதற்குள் "அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்", அதற்குள் "ஸ்டார்ட் மெனு அண்ட் டாஸ்க்பார்". டெஸ்க்டொப்புக்கு உரியவை பக்கத்திலேயே "டெஸ்க்டொப்" என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. சுவர்ப்பட மாற்றத்தைத் தடுப்பது போன்ற சில, "கன்ட்ரோல் பனல்" என்பதற்குக் கீழே "பர்சனலைசேஷன்" கோப்புறையில் கிடக்கும். தேடி அலுப்பவர்கள் அங்கே பாருங்கள்.

புரோ, எஜுகேஷன், எண்டர்பிரைஸ் பதிப்புகளில் இந்த எடிட்டர் உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை.

எங்களிடம் இருப்பது ஹோம் பதிப்புத்தான். என்ன செய்யலாம்?

கடையில் மடிக்கணினி வாங்கி அறையை நிரப்பிய இடங்களில் எல்லாம் எழும் கேள்வி. எடிட்டர் இல்லாவிட்டாலும் இந்தக் கொள்கைகளில் பலவற்றை ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எழுதலாம், பணிப்பட்டையையும் டெஸ்க்டொப்பையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் நிரல் அவற்றை மதிக்கும். ஆனால் அந்தந்தப் பயனரின் பகுதியில் எழுத வேண்டும். சாதாரணக் கணக்கால் எழுத முடியாது என்பதால் அந்தப் பயனரின் பகுதியை நிர்வாகியாக நின்று ஏற்றி எழுத வேண்டியிருக்கும். கையால் எழுதியதைக் கையால்தான் அழிக்கவும் வேண்டும். குரூப் பாலிசி மூலம் வைத்த கட்டுப்பாடு, கொள்கையை விலக்கினால் தானாகப் போய்விடும்; கையால் எழுதியது கிடந்தபடி கிடக்கும். எழுதுவதற்கு முன்பு அந்தப் பகுதியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம் பதிப்பில் எடிட்டரை வரவழைக்கிறோம் என்று இணையத்தில் உலாவும் நிரல் துணுக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. புதிதாக வாங்கும்போதே புரோ பதிப்பைக் கேட்டு வாங்குவது மேல்.

"எனேபிள்ட்" என்று போட்டேன், வசதி வேலை செய்யாமல் போய்விட்டது. தலைகீழாக இருக்கிறதே?

சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் இயக்குவது வசதியை அல்ல, தடையை. "தடு" என்று தொடங்கும் கொள்கையை இயக்கினால் தடை நடைமுறைக்கு வரும். மூன்று நிலைகளில் "நொட் கன்ஃபிகர்ட்" என்பது "நான் எதுவும் சொல்லவில்லை" என்று பொருள்படும்; "டிசேபிள்ட்" என்பது "தடை வேண்டாம் என்று சொல்கிறேன்" என்பது. இரண்டும் ஒன்றல்ல. கணினி முழுவதற்கும் ஒரு தடையை வைத்து, ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு மட்டும் விலக்களிக்க வேண்டுமானால் அந்தக் கணக்கின் கொள்கையில் "டிசேபிள்ட்" போட வேண்டும். "நொட் கன்ஃபிகர்ட்" என்று விட்டால் மேலே சொன்ன தடை அப்படியே இறங்கி வரும்.

எவற்றைப் பூட்டலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

விண்டோஸ் 10 இல் பணிப்பட்டையின் எல்லா அமைப்புகளையும் பூட்டும் கொள்கை ஒன்று போதும்: "லொக் ஆல் டாஸ்க்பார் செட்டிங்ஸ்". இழுப்பது, அகலப்படுத்துவது, பக்கம் மாற்றுவது எல்லாம் அதோடு நின்றுவிடும். தனித்தனியாக அளவுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, கருவிப்பட்டைக்கு ஒன்று என்று கொள்கைகள் இருந்தாலும் அத்தனையையும் போட்டு வைத்தால் பிறகு எதை எடுக்க எது திறக்கும் என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்தது, பணிப்பட்டையில் நிரல்களைக் குத்தி (பின் செய்து) வைப்பதைத் தடுக்கும் கொள்கை. அதன் பக்கத்திலேயே, ஏற்கெனவே குத்தி வைத்தவற்றை அகற்றும் கொள்கையும் இருக்கிறது. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் இரண்டாவதை இயக்கிவிட்டு, வேர்ட் எங்கே, எக்செல் எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு.

பணிப்பட்டை மீதான வலச்சொடுக்கு மெனுவை எடுப்பது பற்றிக் கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. ஒரு நிரல் உறைந்துபோனால் டாஸ்க் மனேஜரைத் திறக்கப் பெரும்பாலானோருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஒலி அளவு, எழுத்துப் பெருக்கம், திரை வெளிச்சம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். சனசமூக நிலையத்துக்கு வந்து வெளிநாட்டிலுள்ள மகனோடு கதைக்கும் அம்மாவுக்கு ஒலியைக் கூட்ட வழியில்லை என்றால் அந்தக் கணினி எதற்கு?

அறிவிப்புப் பகுதியை மறைத்துவிட்டால் திரை துப்புரவாக இருக்கும் அல்லவா?

இருக்கும். தமிழ்த் தட்டச்சும் அதோடு சிக்கலாகிவிடும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு இடத்தை மறைக்கும் கொள்கையை இயக்கினால் கடிகாரத்தைத் தவிர மற்றச் சின்னங்கள் காணாமல் போகும். விண்டோஸுடன் வரும் தமிழ் விசைப்பலகையின் மொழிக் குறியும், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு நிரல்களின் சின்னங்களும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது விசைப்பலகை தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அவருடைய விசைப்பலகை எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் அவருக்குத் தமிழ் வந்துவிடும். ஆகவே நாட்கணக்காக யாரும் முறையிட மாட்டார்கள். பிறகு ஒருநாள் யூனிகோடில் கேட்கப்பட்ட விண்ணப்பத்தை நிரப்ப ஒருவர் வந்து உட்காருவார். கடவுச்சொல் பெட்டியில் அவர் தட்டுவது புள்ளிகளாகத்தான் தெரியும். விசைப்பலகை தமிழில் நிற்கிறது என்று அறியாமல் திரும்பத் திரும்பத் தட்டுவார், கணக்கு பூட்டப்பட்டுவிடும். "தம்பி, உங்களுடைய கணினி பழுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும், உண்மைதான். அதைத் திரைக்குப் பக்கத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டுவதைவிட அந்தப் பகுதியை மறைக்காமல் விடுவது எளிது.

இன்னொன்று: மொழிப் பட்டியல் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. அமைப்புகளை மூடிவிட்டால் பயனர் தானாகத் தமிழைச் சேர்க்க முடியாது. பூட்டுவதற்கு முன்பே தமிழைச் சேர்த்து, மொழிக்கான நிர்வாக அமைப்புகளில் வரவேற்புத் திரைக்கும் புதிய கணக்குகளுக்கும் அதை நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

கொள்கைகளைப் போட்டேன். நிர்வாகியான எனக்கே எல்லாம் பூட்டிவிட்டது!

எடிட்டரைத் திறந்தவுடன் தெரியும் இடத்தில் மாற்றினால் அது அந்தக் கணினியின் எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும், உங்களுடையதற்கும். நிர்வாகிகள் அல்லாதவர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு கொள்கைத் தொகுதி விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. நிர்வாகக் கருவிகளைச் சேர்த்துத் திறக்கும் எம்எம்சி என்ற கட்டளையைத் திறந்து, ஸ்நப்-இன் சேர்க்கும் பட்டியலில் குரூப் பாலிசி எடிட்டரைத் தெரிந்து, "பிரௌஸ்" கொடுத்து, "யூசர்ஸ்" தாவலுக்குப் போங்கள். அங்கே "நொன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தெரிந்து சேமித்து வைத்துக்கொண்டு இனி எப்போதும் அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். தனி ஒரு கணக்குக்கு மட்டும் வேண்டுமானால் அதே பட்டியலில் அந்தக் கணக்கின் பெயரும் இருக்கும். பொது, பிறகு நிர்வாகி அல்லாதவர், பிறகு தனிக் கணக்கு என்ற வரிசையில் இவை வாசிக்கப்படும். முரண்பட்டால் கடைசியாக வாசிக்கப்பட்டது வெல்லும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் "குரூப் பாலிசி", "குரூப் பாலிசி யூசர்ஸ்" என்று மறைந்திருக்கும் இரண்டு கோப்புறைகள் உள்ளன. அவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுதொடக்கம் செய்தால் உள்ளூர்க் கொள்கைகள் எல்லாம் வெறுமையாகும். அழிக்க வேண்டாம், நகர்த்துங்கள்.

நெடுந்தீவு, அனலைதீவு போன்ற இடத்துப் பாடசாலைக் கணினிக்கு வேலை செய்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். சாதாரணக் கணக்கில் ஒருமுறை, நிர்வாகிக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்க்காமல் அறையைப் பூட்டாதீர்கள். படகு ஏறிய பிறகு வரும் தொலைபேசி அழைப்புக்கு, அடுத்த படகைத் தவிர வேறு பதில் இல்லை.

போட்ட கொள்கை வேலை செய்யவில்லை. ஏன்?

முதலில் பயனர் வெளியேறி மீண்டும் நுழையட்டும். பாதிப் பிரச்சினை அதோடு தீரும். டொமைனில் இணைந்த, அதாவது ஒரு மையச் சேவையகத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகளில் கொள்கைகள் பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, 0 முதல் 30 நிமிடம் வரை கூட்டிக்கொண்டு புதுப்பிக்கப்படும்; காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் "ஜிபிஅப்டேட்" கட்டளையை "ஃபோர்ஸ்" என்ற சேர்க்கையுடன் கொடுங்கள். எந்தக் கொள்கை யாருக்கு வந்து சேர்ந்தது என்று "ஜிபிரிசல்ட்" காட்டும். அதில் உங்கள் கொள்கை இருந்தும் பலன் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது உங்கள் விண்டோஸ் பதிப்புக்குப் பொருந்தாத பழைய கொள்கையாக இருக்கும். ஒவ்வொன்றின் விளக்கத்திலும் எந்தப் பதிப்பில் செல்லும் என்று எழுதியிருக்கிறது.

விண்டோஸ் 11 க்கு மாறினோம். பழைய கொள்கைகள் போதுமா?

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டதால் இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இன் பணிப்பட்டை புதிதாக எழுதப்பட்டது. இழுத்துப் பக்கம் மாற்றும் வசதியும் பழைய கருவிப்பட்டைகளும் அதில் எடுபட்டுப் போயின. ஆகவே அவற்றைத் தடுக்கும் கொள்கைகளுக்கு வேலையில்லை. பாடசாலைகளுக்கு ஒருவகையில் நிம்மதிதான்.

மாறாக, சின்னங்கள் நடுவில் வந்துவிட்டன. "இடது மூலையில் சொடுக்குங்கள்" என்று அச்சடித்து வைத்திருக்கும் கற்கைநெறிக் குறிப்புகளுக்காக, அமைப்புகளில் போய் இடப்பக்கம் ஒதுக்கி வைக்கலாம். இதை ஒவ்வொரு கணக்கிலும் செய்ய வேண்டும்.

எல்லாக் கணினிகளிலும் ஒரே வரிசையில் சின்னங்கள் இருக்க வேண்டும். எப்படி?

ஒரு கணினியை விரும்பியபடி அடுக்கி, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஸ்டார்ட் அமைப்பை ஏற்றுமதி செய்யும் கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸ் 10 இல் அது எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், 11 இல் ஜேசன் கோப்பாக. பணிப்பட்டைக்கு மட்டும் 11 இலும் எக்ஸ்எம்எல்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணிப்பட்டைக் கோப்பு எதை வைப்பது என்று மட்டுமே சொல்லும். வைத்ததைப் பயனர் எடுத்துவிடாமல் தடுப்பது வேறு வேலை. அதற்கு, குத்தி வைப்பதைத் தடுக்கும் கொள்கை என்று மேலே சொன்னது வேண்டும்.

"சேர், டெஸ்க்டொப்பில் வைத்த கோப்புகள் எல்லாம் போய்விட்டன" என்று மாணவர் அழுகிறார்.

டெஸ்க்டொப்பில் உள்ள எல்லாவற்றையும் மறைக்கும் கொள்கையை இயக்கியிருப்பீர்கள். கோப்புகள் எங்கும் போகவில்லை. எக்ஸ்ப்ளோரரைத் திறந்து டெஸ்க்டொப் கோப்புறைக்குள் பார்த்தால் இருக்கும். இந்தக் கொள்கையை உயர்தர மாணவர் செயற்றிட்டங்களைச் சேமித்து வைக்கும் அறையில் போடாதீர்கள். குறைந்தது, அவற்றை ஒப்படைக்கும் வாரத்திலாவது போடாதீர்கள்.

பூட்டாமலே சமாளிக்க வழி இல்லையா?

இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். "டெஸ்க்டொப்" கோப்புறையில், வெளியேறும்போது அமைப்புகளைச் சேமிக்காதே என்று ஒரு கொள்கை உண்டு. பிள்ளை பணிப்பட்டையை இழுக்கலாம், பெரிதாக்கலாம், விளையாடலாம். வெளியேறியதும் அந்த மாற்றம் சேமிக்கப்படாது. அடுத்தவர் நுழையும்போது பழைய நிலையில் இருக்கும். டெஸ்க்டொப்பில் வைத்த குறுக்குவழிகள் மட்டும் எப்படியும் சேமிக்கப்படும். தோண்டித் துருவிப் பழகட்டும் என்று முதற்கேள்வியில் வாதாடியவர்களுக்கு இது சரிவரும். ஆனால் ஒவ்வொருவரும் வெளியேறி நுழைய வேண்டும். ஒரே கணக்கைக் காலையிலிருந்து மாலைவரை திறந்தே வைத்திருக்கும் இடத்தில் பயனில்லை.

இதைவிடக் கடுமையானது கட்டாயச் சுயவிவரம்: பயனர் செய்த எந்த மாற்றமும் வெளியேறியதும் தங்காது. இன்னும் கடுமையானது, மறுதொடக்கத்தில் வன்தட்டையே பழைய நிலைக்குக் கொண்டுவரும் டீப் ஃப்ரீஸ் போன்ற நிரல். கொமினிகேஷன் கடைகளுக்குப் பொருத்தம். பாடசாலையில் போட்டால், கோப்புகளை வன்தட்டின் வேறு பிரிவிலோ பென்டிரைவிலோ சேமிக்க முதலில் பழக்குங்கள்.

கணினியை நிறுத்தும் கட்டளையை எடுத்துவிடலாமா?

கொள்கை இருக்கிறது, கொன்ட்ரோல்-ஓல்ட்-டிலீட் திரையிலிருந்தும் அது நிறுத்தும் பொத்தானை நீக்கிவிடும். இலங்கையில் நான் அதைப் போட மாட்டேன். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போன நாட்கள் இருந்தன. இன்றும் திடீரென்று மின்சாரம் போகும். யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் வகுப்பில் உள்ளவர்கள் முறையாக நிறுத்திவிட வேண்டும். அந்த வேளையில் மெனுவில் வழியில்லை என்றால் பட்டரி தீர்ந்து எல்லாக் கணினிகளும் ஒரேயடியாக விழும். திறந்திருந்த கோப்பும் போகும், சிலவேளை வன்தட்டும் போகும்.

டொமைன் இல்லை, ஆனால் ஓர் அறை நிறையக் கணினிகள். ஒவ்வொன்றாக உட்கார வேண்டுமா?

வேண்டாம். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புக் கருவித்தொகுப்பில் எல்ஜிபிஓ என்ற சிறு நிரல் இருக்கிறது. ஒரு கணினியின் உள்ளூர்க் கொள்கைகளை நகலெடுத்து மற்றவற்றில் இறக்கலாம். டொமைன் உள்ள நிறுவனங்களில், யார் நுழைந்தாலும் அறைக் கணினிக்குரிய பயனர் கொள்கையே பொருந்த வேண்டுமானால் "லூப்பக்" செயலாக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

நாங்கள் லினக்ஸ் பாவிக்கிறோம்.

கேடிஈ மேசைத்தளத்தில் கியொஸ்க் என்ற ஏற்பாடு உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரிக்கோ பகுதிக்கோ பக்கத்தில் சதுர அடைப்புக்குள் டொலர் குறியையும் சின்ன ஐ எழுத்தையும் போட்டால் பயனரால் அதை மாற்ற முடியாது. பலகங்களை நகர்த்துவதையும் கட்டளை இயக்குவதையும் இப்படித் தடுக்கலாம். க்னோம் என்ற இன்னொரு மேசைத்தளத்தில், அதன் அமைப்புகளைச் சேமிக்கும் டிகொன்ஃப் தரவுத்தளத்தில் முன்னிருப்பு மதிப்பை எழுதி, "லொக்ஸ்" கோப்புறையில் அந்த விசையின் பெயரை இட்டு, "டிகொன்ஃப் அப்டேட்" கட்டளை கொடுக்க வேண்டும். மதிப்பை எழுதிவிட்டுப் பூட்டை மறந்தால் அது வெறும் பரிந்துரை, பயனர் மாற்றிக்கொள்வார். விண்டோஸில் நூற்றுக்கணக்கான கொள்கைகளுக்குள் தேடுவதைவிட இங்கே சில கோப்புகளில் எல்லாம் தெரிவது எனக்கு உவப்பு.

பாடசாலைச் சின்னத்தைச் சுவர்ப்படமாக நிரந்தரமாக வைக்க அதிபர் கேட்கிறார்.

"டெஸ்க்டொப் வோல்பேப்பர்" கொள்கையில் படத்தின் முழுப் பாதையைக் கொடுங்கள். படம் எல்லாக் கணக்கும் வாசிக்கக்கூடிய கோப்புறையில் இருக்கட்டும். உங்கள் சொந்த "பிக்சர்ஸ்" கோப்புறையில் வைத்தால் மற்றவர்களால் அதை வாசிக்க முடியாது.

இந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எதைக் கையளிக்க வேண்டும்?

நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மூடிய உறையில் அதிபரிடமோ உரிமையாளரிடமோ கொடுங்கள். "ஜிபிரிசல்ட்" கட்டளையால் ஓர் எச்டிஎம்எல் அறிக்கை எடுத்து அச்சிட்டு, ஒவ்வொரு கொள்கைக்கும் பக்கத்தில் ஏன் போட்டீர்கள் என்று ஒரு வரி கையால் எழுதி வையுங்கள். எம்எம்சியில் சேமித்த கோப்பு, எல்ஜிபிஓ நகல், சின்ன வரிசைக் கோப்பு மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அந்த அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கையால் எதையாவது எழுதியிருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது எந்த அறிக்கையிலும் வராது.